இளைய ராணி கட்சி

கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?

கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் மனத்தில் ஒரு பெயர் வந்து நின்றுவிட்டது, அல்லவா? பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொண்டிருக்கும் நாத்தனாரைக் கேட்டுப் பாருங்கள். அவள் வேறொரு பெயர் சொல்வாள். மாமியாரைக் கேட்டால் மூன்றாவது பெயர் கிடைக்கும். அதற்குள் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்திருக்கும். அதற்கு நான் ஜவாப்தாரி அல்ல.

'பொன்னியின் செல்வன்' கல்கி பத்திரிகையில் 1950 அக்டோபர் மாதம் ஆரம்பமாகி 1954 மே மாதத்தில் முடிந்தது. மூன்றரை வருஷம் வாரா வாரம் ஜனங்களைத் தபால்காரருக்காகக் காத்திருக்க வைத்த கதை. அவ்வளவு பெரிய கதையில் நடு மண்டபம் மாதிரி இருப்பது ஒரே ஓர் இரவு, ஒரே ஓர் அறை. அந்த அறையில் யார்தான் இல்லை! நந்தினி இருக்கிறாள்; அவளிடம் வாள் இருக்கிறது. வந்தியத்தேவன் ஒளிந்திருக்கிறான். மணிமேகலை ஒளிந்திருக்கிறாள். பெரிய பழுவேட்டரையர் மாறுவேஷத்தில் வருகிறார். ரவிதாஸனின் ஆட்கள் எங்கோ சுரங்க வழியில் காத்திருக்கிறார்கள். இத்தனை பேரையும் கூட்டி வைத்துவிட்டு, ஆசிரியர் விளக்கை அணைத்துவிட்டார்! பிறகு பெரிய பழுவேட்டரையர் பழியைத் தம் மேல் போட்டுக் கொள்கிறார். மணிமேகலை தான்தான் கொன்றதாகச் சொல்கிறாள். சிறைக்குப் போகிறவனோ வந்தியத்தேவன். கதை முடிந்த பிறகும், இன்னார்தான் என்று ஆசிரியர் ஒரு பெயரை முத்திரை குத்திக் கொடுக்கவில்லை.

கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. எழுபது வருஷமாகத் தமிழ்க் குடும்பங்களில் நடந்து வரும் ஓர் அருமையான சண்டையும் இல்லாமற் போயிருக்கும்.

இந்தச் சண்டை நமக்கு மட்டும் சொந்தமென்று நான் சில காலம் வரை எண்ணியிருந்தேன். பத்திரிகை உத்தியோகத்தில் மேல்நாட்டு மாயாஜாலப் பெருங்கதைகளைப் பற்றியும் படித்து எழுத வேண்டியிருக்கிறது. தலையணைக்குப் பதிலாக வைத்துக் கொள்ளலாம் என்னும் அளவுக்குப் பருமனான புத்தகங்கள். ஒரு கதைக்குப் பத்துப் பதினான்கு பாகம்! ராபர்ட் ஜோர்டான் என்ற அமெரிக்கர் எழுதிய 'காலச் சக்கர'க் கதை அப்படிப் பதினான்கு பாகம். 1993-ல் வெளிவந்த ஐந்தாம் பாகத்தின் கடைசியில் அஸ்மோடியன் என்று ஒரு பாத்திரம். அவன் பாட்டுக்காரனாக வேஷம் போட்டுத் திரிகிற பெரிய மந்திரவாதி. ஒரு கதவைத் திறக்கிறான். எதிரே நிற்பவரைப் பார்த்துத் திடுக்கிடுகிறான். செத்துப் போகிறான். எதிரே நின்றது யார்? சொல்லவில்லை!

வாசகர்கள் விடுவார்களா? அன்றைக்கு எந்தப் பாத்திரம் எந்த ஊரில் இருந்தது, யாருக்குக் கதவு திறக்கும் வித்தை தெரியும், யாரைக் கண்டால் அவன் அப்படித் திடுக்கிடுவான் என்று அட்டவணை போட்டு வாதாடினார்கள். ஜோர்டான் 2007-ல் காலமானார். மீதிக் கதையை பிராண்டன் சாண்டர்சன் என்ற இன்னொரு எழுத்தாளர் முடித்துக் கொடுத்தார். 2010-ல் வந்த பதின்மூன்றாம் பாகத்தில் விடை கிடைத்தது. எங்கே கிடைத்தது தெரியுமா? கதைக்குள்ளே ஜாடையாக ஒரு வரி. பட்டவர்த்தனமாகச் சொன்னது புத்தகத்தின் கடைசியில் உள்ள அருஞ்சொல் அகராதியில்! கிரெண்டல் என்ற ஒரு பெண்தான் கொன்றவள் என்று அங்கே போட்டிருந்தது. பதினேழு வருஷம் காத்திருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! கல்யாணச் செய்தியைச் சலவைக் கணக்கு நோட்டில் எழுதி அனுப்பிய மாதிரி.

நந்தினியின் தகப்பனார் யார் என்று நம் வீடுகளில் கேட்கிறோமே, அதற்கும் அங்கே ஒரு ஜோடி உண்டு. ஜார்ஜ் மார்ட்டின் 1996-ல் தொடங்கிய பெருங்கதையில் ஜான் ஸ்னோ என்ற பையனின் தாயார் யார் என்பது அப்படிப்பட்ட புதிர். அதைத் தொலைக்காட்சிக்கு எடுக்க அனுமதி கேட்டு வந்த இருவரிடம் மார்ட்டின் பணத்தைப் பற்றிப் பேசுவதற்குப் பதிலாக இந்தக் கேள்வியைத்தான் கேட்டாராம். சரியான விடை சொன்ன பிறகே கதை அவர்கள் கைக்குப் போயிற்று. ஹாரி பாட்டர் படித்த குழந்தைகள் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள். 2005-ல் ஆறாம் பாகம் வந்ததற்கும் 2007-ல் ஏழாம் பாகம் வந்ததற்கும் நடுவில், ஸ்னேப் வாத்தியார் நல்லவரா கெட்டவரா என்று அவர்கள் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக் கொண்டு சண்டையிட்டது ஞாபகம் இருக்கிறதா?

அந்தப் புத்தகங்களின் ரஸிகர்கள் இன்னொரு விஷயத்திலும் விடாப்பிடிக்காரர்கள். மந்திரத்துக்கும் சட்டம் வேண்டும் என்பார்கள். மந்திரம் எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது, அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்று தெரிந்தாக வேண்டும். நான் மேலே சொன்ன சாண்டர்சன் இதைப் பற்றி 2007-ல் ஒரு கட்டுரையே எழுதினார். மந்திரத்தின் விதிகள் வாசகருக்கு எந்த அளவுக்குப் புரிந்திருக்கின்றனவோ, அந்த அளவுக்குத்தான் கதாசிரியர் அந்த மந்திரத்தைக் கொண்டு சிக்கலை அவிழ்க்கலாம் என்பது அதன் சாரம்.

ரொம்பச் சரி. ஆனால் இதைக் கேட்டு நம் ஊர்ப் பாட்டிமார் யாராவது ஆச்சரியப்படுவார்களா? இரணியனுடைய வரத்தை நினைத்துப் பாருங்கள். பகலில் சாகக் கூடாது, இரவிலும் கூடாது. உள்ளே கூடாது, வெளியேயும் கூடாது. ஒரு வக்கீல் எழுதிய பத்திரம் போல இருக்கிறது! அதில் ஓட்டை கண்டுபிடிக்கத்தான் நரசிம்மம் தூணைப் பிளந்து கொண்டு, வாசற்படியில், அந்தி நேரத்தில் வர வேண்டியிருந்தது. கொடுத்த சாபத்தைக் கொடுத்தவரே திரும்பப் பெற முடியாது, விமோசனம்தான் சொல்லலாம். அஸ்திரத்தை விடத் தெரிந்தால் போதாது; திரும்ப அழைக்கவும் தெரிய வேண்டும். இதெல்லாம் சட்டமில்லாமல் என்ன?

தர்மபுரிப் பக்கத்தில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குப் பாரதக் கூத்து நடக்கும். விடிய விடிய நடக்கிற கூத்தில், விடியற்காலையில் கர்ணன் சாகும் நேரத்துக்குப் பாயில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் பேச்சைக் கேட்க வேண்டும். நாகாஸ்திரத்தை இரண்டாம் தரம் விடக் கூடாது என்று குந்தி வரம் வாங்கினாளே, பெற்ற தாய் அப்படிக் கேட்கலாமா? கேட்டாலும் அவன் கொடுக்கலாமா? கொடுக்காமலிருந்தால் அர்ச்சுனன் கதி என்ன? கர்ணன் கட்சி, அர்ச்சுனன் கட்சி, குந்திக்கு மட்டும் கட்சியே இல்லை என்று மூன்றாவது கட்சி. கட்டியங்காரன் நடுவில் வந்து வேடிக்கை பேசினால் கூட அவர்கள் காதில் விழாது.

தகடூர் என்றால் தர்மபுரிதான் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஊர் மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சி, நெடுநாள் வாழ வைக்கும் நெல்லிக்கனி ஒன்று கிடைத்தபோது அதைத் தான் தின்னாமல் ஒளவைக்குக் கொடுத்தான். புறநானூற்றில் 91-ஆம் பாட்டில் ஒளவையே அதற்கு நன்றி சொல்லியிருக்கிறாள். பிற்பாடு சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்து தகடூரை அழித்தான். சரி, இப்போது கேள்வி: அஞ்சி அந்தக் கனியைத் தானே தின்றிருந்தால் தகடூர் பிழைத்திருக்குமா? நெடு வாழ்வு கொடுக்கும் கனி நோய்க்கும் மூப்புக்கும் மட்டும் காப்பா, அல்லது வேலுக்கும் வாளுக்கும் சேர்த்தா? இதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். அஞ்சியின் மனைவி என்ன நினைத்திருப்பாள் என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். கேட்கிற பெரியவர்கள் எல்லோரும் பெண்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அதோடு நிற்கவில்லை நம் ஜனங்கள். சங்க காலத்தில் ஓர் ஒளவை இருந்தாள். அவளுக்கு ஏறக்குறைய ஆயிரம் வருஷம் கழித்து, சோழர் காலத்தில் ஆத்திசூடி பாடிய ஒளவை இருந்தாள். பெயர் ஒன்று, ஆள் வேறு என்று புலவர்கள் சொல்கிறார்கள். ஜனங்கள் அதை ஏற்றுக் கொள்ளவில்லை. ஒரே ஒளவைதான், நெல்லிக்கனி தின்றதால் அத்தனை காலம் இருந்தாள் என்று முடித்து விட்டார்கள்! எத்தனை அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். கதையில் ஓர் ஓட்டை. அதைக் கதைக்குள்ளேயே கிடக்கும் ஒரு பொருளைக் கொண்டு அடைத்தாயிற்று. மேல்நாட்டு ரஸிகர்கள் அட்டவணை போட்டுச் செய்வதை நாம் வெறும் வாயாலேயே செய்து முடித்திருக்கிறோம்.

நிற்க. நான் பாப்பிரெட்டிப்பட்டிக்கு வர வேண்டும்.

சேர்வராயன் மலையின் அடியில் இருக்கும் ஊர். இப்போது தர்மபுரி மாவட்டம். இந்தக் கதை நடந்தபோது சேலம் ஜில்லா. தர்மபுரி தனி ஜில்லாவானது 1965-ல்தான். ரயில் வேண்டுமானால் பொம்மிடிக்குப் போக வேண்டும். என் தாத்தா அங்கே ஆரம்பப் பள்ளிக்கூட வாத்தியார். சம்பளம் சொற்பந்தான். ஆனாலும் பத்திரிகை வாங்குவதை அவர் நிறுத்தியதில்லை. பத்திரிகை வந்ததும் முதலில் படிப்பது அவருடைய தங்கை. எனக்கு அத்தைப் பாட்டி. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆனால் எழுத்து என்று எது கண்ணில் பட்டாலும், பலசரக்குக் கடைப் பொட்டலம் உள்பட, படித்து விடுவாள். கதை ஆரம்பித்தபோது அவளுக்குப் பதினாறு வயது. வாரா வாரம் அத்தியாயத்தைக் கிழியாமல் பிரித்தெடுத்து, மணியம் வரைந்த படங்கள் கசங்காமல் அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, பழைய புடவைத் துணியில் அட்டை போட்டு வைத்தாள்.

1953-ல் அவளுக்குக் கல்யாணமாயிற்று. மாப்பிள்ளை பக்கத்திலிருக்கும் அரூரில் புளி வியாபாரம். வயது நாற்பத்தொன்று. முதல் தாரம் தவறிப் போய், மூன்று குழந்தைகள். பெண்ணுக்கு வயது பத்தொன்பது. யாரும் அவளைக் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் கேட்கிற வழக்கமும் இல்லை. புகுந்த வீட்டில் பத்திரிகை கிடையாது. அதைவிட மோசம், அந்த வீட்டில் அவளுக்குப் பெயரே கிடையாது. "இளையாள்" என்றுதான் சொல்வார்கள்.

உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். பழுவூர் இளைய ராணி! வயோதிகக் கணவர், இளம் மனைவி, ஊர் முழுக்க அவளைப் பற்றிப் பேச்சு. பிறந்த வீட்டுக்கு வந்தபோது தாத்தாவின் சிநேகிதர்கள் திண்ணையில் உட்கார்ந்து கதையை அலசிக் கொண்டிருப்பார்கள். அவர்கள் எல்லோருக்கும் ஒரே கட்சி: நந்தினிதான் கொன்றாள், அவள்தான் குடியைக் கெடுக்க வந்தவள், இளையாளாக ஒருத்தி வந்தாலே வீடு இரண்டுபடும். இவள் உள்ளே இருக்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரியாமலில்லை. வேண்டுமென்று சொன்னார்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். கதையைத்தானே பேசுகிறோம் என்று எண்ணியிருப்பார்கள். உறவுக்காரப் பையன் ஒருவன் ஒரு நாள், "பழுவூர் ராணி வந்துட்டாங்கடோய்!" என்று கத்தினான். அன்று முதல் அவளுக்கு அதுவே பட்டப் பெயராயிற்று.

அழுதிருந்தால் இது சாதாரணக் கதை. அத்தைப் பாட்டி அழவில்லை. நந்தினிக்காக வழக்குப் பேச ஆரம்பித்தாள்.

அவளுக்கு ஒரு பெரிய கஷ்டம் இருந்தது. அவள் அரூரில் இருந்த மாதங்களில் வந்த இதழ்களைத் தாத்தா பத்திரப்படுத்தித்தான் வைத்தார். ஆனால் ஒரே ஓர் இதழ் மட்டும் என் கொள்ளுப் பாட்டியின் கையில் அகப்பட்டு வெந்நீர் அடுப்பு மூட்டப் போய்விட்டது. எந்த இதழ் என்று ஊகித்திருப்பீர்கள். கடம்பூரில் விளக்கு அணைந்த அந்த வாரம்! முந்திய வாரம் இருக்கிறது, பிந்திய வாரம் இருக்கிறது, நடுவில் கொலை இல்லை. தைக்கும்போது அந்த இடத்தில் இரண்டு வெள்ளைத் தாளை வைத்துத் தைத்து விட்டாள். கிடைத்தால் பார்த்து எழுதி வைக்கலாம் என்று.

ஆகவே கொலையைப் படிக்காமலே அவள் கொலையைத் துப்பறிய வேண்டியிருந்தது. முன்னாலும் பின்னாலும் இருப்பதைக் கொண்டு கட்டினாள். அவள் வாதம் இதுதான். கரிகாலனைக் கடம்பூருக்குப் போகாதே என்று தடுத்தவர் எத்தனை பேர்! பாட்டன் மலையமான் சொன்னார். தங்கை குந்தவை ஆள் அனுப்பிச் சொன்னாள். அந்த ஆள் சாமானியனா, வந்தியத்தேவன்! அத்தனை பேர் சொல்லியும் ஒருவன் போகிறான் என்றால், அவன் சாகப் போகிறான் என்று அர்த்தம். வீரபாண்டியனை விட்டுவிடு என்று ஒருத்தி காலில் விழுந்து கெஞ்சிய பிறகும் தலையை வெட்டியவன் அவன். அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கம் இல்லை. "கத்தி யார் கையிலே இருந்துச்சுன்னு பார்க்காதே கண்ணு. அவன் அங்கே எதுக்கு வந்தான்னு பாரு" என்பாள்.

நந்தினி வாளைப் பூஜை செய்தாளே, பழி வாங்கத் துடித்தாளே என்று நாம் கேட்டால் அதற்கும் பதில் தயார். துடித்தாள், ஆனால் செய்யவில்லை. செய்ய நினைப்பவள் மூன்று வருஷம் வாரா வாரம் யோசித்துக் கொண்டிருக்க மாட்டாள் என்பாள். (இந்த வாதத்தில் தொடர்கதையின் நீளத்தையும் சாட்சியாகச் சேர்த்துக் கொண்டாள் என்பதைக் கவனியுங்கள்.) வந்தியத்தேவனைச் சந்தேகிப்பவர்களை அவள் மனிதராகவே மதிப்பதில்லை. ரவிதாஸனைச் சொன்னால், "அவன் ஆந்தை மாதிரி கத்தத்தான் லாயக்கு" என்பாள்.

மந்திர விஷயத்தில் அவள் சொன்ன ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்தக் கதையில் ஒரு பேயும் உண்மைப் பேய் இல்லை. சுந்தர சோழர் இரவில் கண்டு நடுங்கும் ஆவி, நந்தினி போட்ட வேஷம். மந்திரவாதியின் ஆந்தைக் குரல், சதிகாரர்களின் சங்கேதம். தேவராளனின் வெறியாட்டத்தில் வரும் வாக்குக் கூட, அரச குலத்துப் பலி கேட்கும்படி அவர்களே வகுத்தது. ஆசிரியர் ஒவ்வொன்றையும் பிற்பாடு அவிழ்த்துக் காட்டி விடுகிறார். அவிழ்க்காமல் விட்டது ஒன்றே ஒன்று: வானத்து வால் நட்சத்திரம். அது தோன்றியபோது ராஜ குலத்துக்கு ஆபத்து என்று ஜனங்கள் பயந்தார்கள். கரிகாலன் இறந்த இரவில் அது மறைந்து போயிற்று. "மனுஷங்க செஞ்சதுக்கெல்லாம் கணக்குச் சொல்லிட்டாரு. வானத்துக்கு மட்டும் சொல்லலை. அப்போ வானம்தான் முதல்லயே தீர்ப்பெழுதிடுச்சு. அப்புறம் பொம்பளை மேலே என்ன பழி?" சாண்டர்சன் துரை இதற்கு என்ன சொல்வாரோ தெரியாது. எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. ஒப்புக் கொள்ளவும் முடியவில்லை. வானத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் கரிகாலனும் தப்பித்து விடுவானே?

இருபது வருஷம் இந்த வழக்கு நடந்தது. உள்ளுக்குள் அவளுக்கு ஒரு பயம் இருந்ததாம். எரிந்து போன அந்த இதழில் ஆசிரியர் பெயரைச் சொல்லியிருந்தால்? நந்தினியேதான் குத்தினாள் என்று எழுதியிருந்தால்? அப்படி யாராவது சொல்லிவிடப் போகிறார்களே என்று, புத்தகமாக வந்ததைப் படித்தவர்களிடம் அந்த இரவைப் பற்றி மட்டும் விவரம் கேட்கவே மாட்டாளாம். புத்தகத்தைத் தேடிப் போகவும் இல்லை. எழுபதுகளில்தான், கணவர் காலமாகி அவள் பிறந்த வீட்டுக்கே திரும்பிய பிறகு, நூலகத்திலிருந்து யாரோ எடுத்து வந்த பாகம் வீட்டில் கிடந்தது. இரண்டு நாள் அதைத் தொடவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், எல்லோரும் தூங்கிய பிறகு, கதவைச் சாத்திக் கொண்டு படித்தாள்.

விடை அங்கேயும் இல்லை!

"அவருக்கே தெரியலை கண்ணு!" என்று இன்றைக்கும் அதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். வெள்ளைத் தாளில் அத்தியாயத்தைப் பார்த்து எழுதினாளா என்று கேட்டேன். இல்லையாம். அந்தத் தாளில் அதற்கு முன்பே பால் கணக்கு எழுதியாகி விட்டது. நானே பார்த்தேன்; அரைப்படி, அரைப்படி, வெள்ளிக்கிழமை ஒரு படி என்று போகிறது.

கணவரைப் பற்றி அவள் அதிகம் பேசுவதில்லை. ஒரு தரம் மட்டும் பெரிய பழுவேட்டரையர் பேச்சு வந்தபோது, "அந்தக் கிழவருக்கு அவ மேலே பிரியம் இருந்துச்சு. பிரியம் இருந்தா மட்டும் போதுமா? ஊரு பேசறப்போ வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?" என்றாள். எந்தக் கிழவரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. மூத்தாளின் மூன்று குழந்தைகளையும் வளர்த்துக் கல்யாணம் செய்து வைத்தவள் அவள்தான். அவர்களில் ஒருவரும் அவளை இளையாள் என்று சொன்னதில்லை.

2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் மணிரத்னத்தின் படம் இரண்டு பாகமாக வந்ததே, இரண்டாவதை நான் அவளைத் தர்மபுரிக்கு அழைத்துப் போய்க் காட்டினேன். முழங்கால் வலி, படி ஏற இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. படத்தில் கரிகாலன் சாவைத் தேடி வருகிறவனாகவே வருகிறான் அல்லவா? அந்தக் கட்டம் வந்ததும் என் கையை அழுத்திப் பிடித்துக் கொண்டாள். வெளியே வந்து, "எழுபது வருஷமா நான் தொண்டை வறளச் சொன்னேன். இவரு இப்பத்தான் கேட்டாரு" என்றாள். ஐசுவரியா ராய் நடிப்பைப் பற்றிக் கேட்டேன். மணியம் போட்ட படத்தில் கொண்டை இன்னும் நன்றாக இருக்கும் என்று சொல்லி விட்டாள்.

போன வருஷம் காட்டுமன்னார்கோவில் பக்கம் போகும் சந்தர்ப்பம் கிடைத்தது. வந்தியத்தேவன் குதிரை மேல் வருவானே, வீரநாராயண ஏரி, அதன் அருகில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில். அங்கேதான் அந்தக் கல்வெட்டு இருக்கிறது. இராஜராஜன் பட்டத்துக்கு வந்த இரண்டாம் ஆண்டைச் சேர்ந்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று அதில் பெயர்கள் உண்டு. சோமன், அவன் தம்பி ரவிதாஸனான பஞ்சவன் பிரமாதிராஜன், இன்னொரு தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன். ஆந்தைக் குரல் கொடுக்கும் மந்திரவாதி உண்மையில் பட்டம் பெற்ற பெரிய அதிகாரி! கொலை நடந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆன பிறகே அவர்கள் சொத்துப் பறிமுதலைப் பற்றிக் கல்லில் வருகிறது. நடுவில் ஆண்டவர் உத்தம சோழர். அவர் ஏன் சும்மா இருந்தார்? அவருக்கும் பங்கு உண்டோ என்று சந்தேகப்பட்டவர் சாதாரண ஆள் அல்ல. சரித்திரப் பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார். அப்படியெல்லாம் இல்லை என்று மறுத்தவர் சதாசிவ பண்டாரத்தார். பார்த்தீர்களா? பேராசிரியர்களும் நம்மைப் போலத்தான், கட்சி கட்டிக் கொண்டிருக்கிறார்கள்!

ஊருக்குப் போனபோது இதையெல்லாம் அத்தைப் பாட்டிக்குச் சொன்னேன். கண்ணை மூடிக் கொண்டு கேட்டாள்.

"கொன்னவங்கன்னு போட்டிருக்கிற பேருல பொம்பளைப் பேரு இருக்கா?"

"இல்லை பாட்டி. மூன்று பேரும் அண்ணன் தம்பிகள்."

"சொத்து அவங்களோடது மட்டுந்தானா?"

அவர்கள் பிள்ளைகள், மனைவிமார், மாமன்மார், பெண் கொடுத்தவர், பெண் எடுத்தவர் வரைக்கும் உறவு முறை சொல்லி, அத்தனை பேர் சொத்தையும் எடுத்துக் கொள்ளச் சொல்லியிருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்தாள்.

"அந்தப் பொம்பளைங்க அப்புறம் எங்கே போனாங்களாம்?"

கல்வெட்டில் அதற்குப் பதில் இல்லை. கதை எழுதுகிறவர்கள் யாராவது அந்தப் பெண்களைப் பற்றி எழுதினால் முதல் பிரதியைப் பாப்பிரெட்டிப்பட்டிக்கு அனுப்பி வைக்கலாம். அத்தைப் பாட்டிக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. பூதக்கண்ணாடி வைத்துக் கொண்டுதான் படிக்கிறாள். ஆனாலும் படிக்கிறாள்.

அது வரையில், உங்கள் வீட்டில் எந்தக் கட்சி என்று எனக்கு எழுதுங்கள். யாருடைய பெயர் சொன்னாலும் படித்துக் காட்டுகிறேன். மணிமேகலைதான் கொன்றாள் என்று மட்டும் எழுதி விடாதீர்கள். "அந்தக் குழந்தையா!" என்று அவளுக்குப் பிரமாதக் கோபம் வருகிறது, அப்புறம் அன்றைக்கு மாத்திரை சாப்பிட வைப்பது வெகு கஷ்டம்.